பத்தாம் எண்ணுக்கு இரண்டு பேர்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. புதிதாக ஒரு இயந்திரத்தையோ கணினியையோ நெட்வொர்க்கில் சேர்க்க வேண்டுமென்றால், இரண்டு பேர் அது இருக்கும் இடத்துக்கு நடந்தே போக வேண்டும். அதைக் கையால் தொட்டு, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் அது பட்டியலில் ஏறும். இந்தக் காலத்தில் இதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்துவிடலாம். அதனால் புதிதாக வந்திருக்கும் நெட்வொர்க் குழு இந்த விதியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறதாம். போன வாரம் அந்தக் குழுவிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். "மேடம், இந்த ரூலை யார் போட்டாங்க? யாரைக் கேட்டாலும் உங்க பேரைச் சொல்றாங்க" என்றாள்.

போட்டது நானில்லை. ஆனால் அது என்னால் வந்தது. விதியை எடுப்பதும் வைப்பதும் அவர்கள் பாடு. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவள். என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதி வைத்துவிடுகிறேன்.

என் பெயர் பரிமளா. அந்தத் தொழிற்சாலையில் டெலிஃபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். செங்கல்பட்டில் வீடு. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் போய்ச் சேருவேன். சில வருடங்களில் ஆபரேட்டர் வேலையே இல்லாமல் போயிற்று. கேன்டீன் கணக்குக்குப் போகிறாயா, கம்ப்யூட்டர் பக்கம் போகிறாயா என்று கேட்டார்கள். கேன்டீன் சாம்பாரைச் சாப்பிட்டிருந்ததால் யோசிக்காமல் கம்ப்யூட்டர் என்றேன். முப்பத்துமூன்று வயதில், தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கூடப் படித்த பையன்கள் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

வகுப்பில் படித்தது மண்டையில் ஏறியது. நெஞ்சில் ஏறியது வேலைக்கு வந்த பிறகு. நெட்வொர்க் கம்பியில் என்ன ஓடுகிறது என்பதை ஒட்டுக்கேட்டுத் திரையில் காட்டும் ஒரு மென்பொருள் உண்டு. முதல் முறை அதைப் போட்டுப் பார்த்த நாளில் நான் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள். ஒன்று நாம் கொடுப்பது. ஐ.பி. முகவரி என்பார்கள். அதை மாற்றலாம், ஒன்றிடமிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். மற்றது பிறவி எண். செய்த கம்பெனியே பொறித்து அனுப்புவது. நமக்குத் தெரிந்தது முதல் எண். ஆனால் ஒரே கட்டடத்துக்குள் கம்பி வழியாகத் தகவல் போய்ச் சேர வேண்டுமானால் பிறவி எண் தெரிய வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்பதுதான். "பத்தாம் எண் யார்? சொல்லுங்கள்" என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஒரு இயந்திரம் கூவும். நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் காதில் வாங்கி, நமக்கில்லை என்று பேசாமல் இருந்துவிடும். உரியது மட்டும் கேட்டவரிடம் தன் பிறவி எண்ணைச் சொல்லும். கேட்ட இயந்திரம் அதைச் சில நிமிடம் நினைவில் வைத்திருந்து வேலையை முடிக்கும். மறந்ததும் திரும்பக் கேட்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர்.

அன்று திரையில் வரிவரியாக ஓடியதெல்லாம் இந்தக் கேள்வியும் பதிலும்தான். வெல்டிங் ரோபோ கேட்கிறது, லேபிள் அடிக்கும் பிரின்டர் சொல்கிறது. கேன்டீன் வாசலில் விரல் வைக்கும் கருவி கேட்கிறது, மாடியில் ஒரு கணினி சொல்கிறது. ஒரு நொடி ஓய்வில்லை. ஒருவருக்கும் சலிப்பில்லை. வருடக்கணக்காக டெலிஃபோனில் "யார் பேசறது? யார் வேணும்?" என்று கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்டவள் நான். இங்கே அதே கேள்வியை இத்தனை பேர் இத்தனை பணிவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கிறது.

அதைவிட ஆச்சரியம், அந்த நம்பிக்கை. பதில் சொல்பவர் உண்மையிலேயே உரியவர்தானா என்று எந்த இயந்திரமும் சரிபார்ப்பதில்லை. யார் முன்னால் வந்து சொன்னாலும் நம்பிவிடும். பல சமயம் கேட்காமலே வந்து சொன்னாலும் நம்பிவிடும். இதை உண்டாக்கியவர்கள், பொய் சொல்ல ஆள் வரும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது.

பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்பதை ஒரு வருடம் பாதுகாப்புச் சோதனைக்கு வந்த ஒருவர் எங்களுக்குச் செய்து காட்டினார். தன் லேப்டாப்பை எங்கள் கம்பியில் மாட்டி, இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல் நான்தான் என்று எல்லாக் கணினிகளுக்கும் சொல்ல வைத்தார். அத்தனையும் நம்பின. தொழிற்சாலைக்கே தலைவரான பிளாண்ட் ஹெட் திறந்து வைத்திருந்த பக்கம் அப்படியே இவர் திரையில் வந்து நின்றது. பிளாண்ட் ஹெட் முகம் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலையில் லேப்டாப் என்றாலே பாம்பைப் பார்ப்பது போல்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; நாங்கள் அரண்டு போயிருந்தோம்.

எனக்கு மேலதிகாரி நவநீதகிருஷ்ணன் சார். என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஆனால் அவர் அறைக்குள் வந்தால் நான் தானாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்து கொள்வேன். சத்தம் போடவே மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "பரிமளா மேடம்" என்பது "மேடம், தயவுசெய்து" என்று மாறினால் நிலைமை சரியில்லை என்று அர்த்தம். "மிகவும் தயவுசெய்து" என்று அவர் சொல்லி, இந்தச் சம்பவத்துக்கு முன்னால் நான் இரண்டே முறை கேட்டிருந்தேன். இரண்டு முறையும் எதிரில் இருந்தவர் அழுதுவிட்டார்.

எந்தப் பழுதைப் பற்றி எழுதினாலும் தாளை மூன்றாக மடித்து எழுதச் சொல்வார். முதல் பத்தியில் பார்த்தது. இரண்டாவதில் கேட்டது. மூன்றாவதில் நினைத்தது. ஒரு வாக்கியத்தைத் தப்பான பத்தியில் எழுதினால் முழுத்தாளும் திரும்பி வரும். கணினி திரையில் காட்டுவதைக்கூட அவர் 'கேட்டது' என்றுதான் வைப்பார். "அது சொல்லுது, நாம கேட்கறோம். அவ்வளவுதானே மேடம்? போய்த் தொட்டா அது பார்த்தது." முதலில் இது எனக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. பிறகு பழகிவிட்டது. பழகியதாக நினைத்துக்கொண்டேன்.

இனி அந்த நாட்கள்.

எங்கள் முதல் உற்பத்தி லைனில் கார்களுக்கான பிரேக் பாகங்கள் தயாராகின. ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்கினோம் என்பதை இறுக்கும் கருவியே சர்வருக்கு எழுதி அனுப்பும். சர்வர் 'சரி' என்று சொன்னால்தான் அந்தப் பாகத்துக்கு லேபிள் அச்சாகும். சர்வரின் முகவரி பத்து என்று முடியும். நாங்கள் அதைப் பத்தாம் எண் என்போம். ஒரு பாகத்துக்குப் பதிவு இல்லையென்றால் அது வெளியே போகக் கூடாது. பிரேக் அல்லவா? யாரோ குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டப் போகிற வண்டி.

அந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் இசக்கிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வயது முப்பத்தாறு இருக்கும். சுங்குவார்சத்திரத்தில் மூன்று பேரோடு ஒரு அறையில் தங்கியிருந்தார். ஆறு வருடமாக கான்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருந்தவரை நிரந்தரம் செய்யும் பட்டியலில் அந்த வருடம் சேர்த்திருந்தார்கள். பட்டியல் வெளிவர இரண்டு வாரம் இருந்தது. நிரந்தரமானால் ஊரிலிருந்து மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டி வந்து விடுவேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜைக்கு வருடத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் நிறுத்துவோம். சர்வர் முதற்கொண்டு துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, பூசணிக்காய் உடைத்து, பிறகு ஒவ்வொன்றாக எழுப்புவோம். அந்த வருடமும் அப்படியே நடந்தது. விடுமுறை முடிந்து லைன் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் தரப் பிரிவிலிருந்து ஓடி வந்தார்கள். லேபிள் ஒட்டிய பாகங்களில் ஒரு பங்குக்குச் சர்வரில் பதிவே இல்லை. எந்த இயந்திரமும் தவறு என்று காட்டவில்லை. எல்லாக் கருவிக்கும் 'சரி' என்று பதில் வந்திருக்கிறது. ஆனால் பதிவு மட்டும் காணோம்.

மூன்று நாள் சரக்கு முற்றத்தில் நின்றுவிட்டது. லாரிகள் வெளியே வரிசை கட்டின. விஜயதசமியில் பையனுக்கு அட்சராப்பியாசம் என்று ஊருக்குப் போன நவநீதகிருஷ்ணன் சார் இன்னும் திரும்பவில்லை. பிளாண்ட் ஹெட் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

நான் கம்பியை ஒட்டுக்கேட்டேன். "பத்தாம் எண் யார்?" என்று ஒரு கருவி கேட்டது. பதில் வந்தது. உடனே இன்னொரு பதிலும் வந்தது. பத்தாம் எண்ணுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள்! இரண்டு பிறவி எண்கள். ஒன்று எங்கள் சர்வருடையது. மற்றது என் பதிவேட்டில் இல்லாதது. யார் சொன்னது கருவியின் நினைவில் தங்குகிறதோ, அவரிடம் பதிவு போய்விடுகிறது.

சோதனைக்கு வந்தவர் காட்டிய வித்தைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்னிய லேப்டாப்பை யாராவது மாட்டினார்களா என்று விசாரித்தேன். லைன் சூப்பர்வைசர் சொன்னார்: லைன் ஓடத் தொடங்கிய அன்று டிபார்ட்மென்ட் லேப்டாப் ஓடவில்லை என்று இசக்கிமுத்து தன் சொந்த லேப்டாப்பைக் கருவியில் மாட்டியிருக்கிறார். அது விதிப்படி குற்றம்தான். பிறவி எண்ணின் முதல் பாதி, செய்த கம்பெனியைச் சொல்லும். அந்தத் தெரியாத எண்ணின் கம்பெனியும் அவர் லேப்டாப் கம்பெனியும் ஒன்று.

நாற்பது நிமிடத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். "இசக்கிமுத்து என்பவரின் லேப்டாப் சர்வர் போல ஆள்மாறாட்டம் செய்துள்ளது." இதை எந்தப் பத்தியில் எழுதினேன் என்றால், பார்த்தது என்ற பத்தியில்.

மதியம் இரண்டு மணி. ஒரு ஷிஃப்ட் வெளியே வருகிற, இன்னொரு ஷிஃப்ட் உள்ளே போகிற நேரம். வாசலில் நானூறு ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, இசக்கிமுத்துவின் கழுத்திலிருந்து பாஸை வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர் செக்யூரிட்டி ஏகாம்பரம். "நான் இன்னா பண்றது மேடம், மேல இருந்து சொல்ட்டாங்கோ. நல்ல மன்சன் அந்தாளு" என்று என்னிடம் பிறகு சொன்னார்.

இசக்கிமுத்து கெஞ்சவில்லை. பஸ் பிடித்துப் போய் அறையிலிருந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். சரிபார்க்க என்னைச் செக்யூரிட்டி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"பாத்துக்கிடுங்க மேடம். மாட்டுனது நெசந்தான், அது என் தப்பு. ஆனா நான் வேற ஒண்ணும் செய்யல. நம்பர நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தேன். எண் பொருந்தவில்லை. அங்கேயே அது முடிந்திருக்க வேண்டும். பிளாண்ட் ஹெட் என்னைப் பார்த்தார். நான் படித்தவள் அல்லவா? வாயைத் திறந்து சொன்னேன்: "சார், இந்த நம்பரை சாஃப்ட்வேர்ல மாத்திக்கலாம். பொருந்தலைங்கறதால ஒண்ணும் சொல்ல முடியாது."

நான் சொன்னது உண்மைதான். அப்படி மாற்ற முடியும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் அந்த மனிதர் தன்னை நிரூபிக்க எந்த வழியும் இல்லாமல் செய்துவிட்டேன். அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். "அப்பம் நான் என்னத்தக் காட்டுனா நம்புவீய?" என்று கேட்டார்.

மறுநாள் காலை நவநீதகிருஷ்ணன் சார் வந்துவிட்டார். என் அறிக்கையை நின்றபடியே படித்தார். ஒரு முறை படித்துவிட்டுத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், வேறு ஏதாவது இருக்கிறதா என்பது போல.

"இவர் எப்போ வெளியே போனார்?"

"நேத்து ரெண்டு மணிக்கு சார்."

"லேப்டாப்?"

"அதுவும் அவர்கிட்டதான் சார்."

"இப்ப கேட்டுப் பாருங்க, பத்தாம் எண் யாருன்னு."

கேட்டேன். இரண்டு பதில்கள் வந்தன.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஏதாவது சின்னப் பெட்டியை எங்கயாவது மாட்டி வெச்சிட்டுப் போயிருப்பான் சார்" என்றேன். 'பான்' என்று சொன்னேன். ஒரு நாளுக்கு முன்னால் அவரை மரியாதையில்லாமல் பேசியிருக்க மாட்டேன்.

சார் என் அறிக்கையை மேசையில் வைத்தார். "அப்போ மேடம், மிகவும் தயவுசெய்து, அந்தப் பெட்டியைப் போய்த் தொட்டுட்டு வாங்க."

தேடும் முறை எல்லா நெட்வொர்க்குக்காரருக்கும் தெரிந்ததுதான். கம்பிகள் வந்து சேரும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். எந்தப் பிறவி எண் தன் எந்தத் துவாரத்தின் வழியாக வருகிறது என்று அது குறித்து வைத்திருக்கும். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. முதல் ஸ்விட்சைக் கேட்டேன். பழைய கட்டடத்துக்குப் போகும் துவாரத்தைக் காட்டியது. பழைய கட்டடத்துக்கு நடந்தேன். அங்கிருந்த ஸ்விட்சைக் கேட்டேன். ஏழாம் துவாரம். ஏழாம் கம்பியில் ஒட்டியிருந்த சீட்டு எண்ணெய்ப் பிசுக்கில் படிக்க முடியாமல் இருந்தது. பீப் ஒலி எழுப்பும் கருவியைக் கம்பியில் கோத்து, தலைக்கு மேலே கம்பிகளைத் தாங்கி ஓடும் தட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கழுத்து வலித்தது. பெயின்ட் பிரிவைத் தாண்டி, கம்ப்ரஸர் அறையைத் தாண்டி, ஈசான்ய மூலையில் ஒரு கதவுக்கு மேலே கம்பி இறங்கியது. உதிரிச் சாமான்கள் வைக்கும் ஸ்டோர் ரூம். அதன் சாவி என் இடுப்பில் இருந்தது.

கதவைத் திறந்தேன். எதிரே அலமாரியில், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து, பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று கண்சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எங்கள் மாற்றுச் சர்வர்.

பத்தாம் எண் சர்வர் பழுதானால் பத்து நிமிடத்தில் இதை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதற்காக, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் அப்படியே இதில் நகல் எடுத்து வைப்பேன், முகவரி உட்பட. எடுத்ததும் அணைத்துவிடுவேன். மழைக்காலத்தில் இடி விழுந்து இதன் நெட்வொர்க் அட்டை போய்விட்டது. வேறு கம்பெனி அட்டை போட்டோம், இசக்கிமுத்துவின் லேப்டாப்பைச் செய்த அதே கம்பெனி. அதன் பிறவி எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற மறந்திருந்தேன்.

பூஜை நாளில் தட்டை ஏந்திக்கொண்டு பூசாரி ஈசான்ய மூலையிலிருந்துதான் தொடங்கினார். இந்த அலமாரி முன்னால் நின்று, "இன்னாம்மா, எல்லாத்தலயும் வெளக்கு எரியப் போவுது, இது மட்டும் தூங்கினு கீதே?" என்றார். பாவம், இதற்கும் ஒரு ஆரத்தி கிடைக்கட்டும் என்று நான்தான் கரண்ட் சுவிட்சைப் போட்டேன். பின்பக்க விளக்கும் மினுங்கட்டும் என்று கம்பியையும் நான்தான் சொருகினேன். அதற்குள் பொரி கொடுக்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். போய்விட்டேன். விழிக்கும்போதே "இந்த முகவரியில் வேறு யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொள்ளும் கணினிகள் உண்டு. எங்கள் பழைய சர்வர்கள் இரண்டுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை அதுவரை பேச்சுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். அன்று ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது சொல்வதை யாரிடமும் சொன்னதில்லை. எழுந்து போய் அந்தக் கம்பியின் கிளிப்பில் விரலை வைத்தேன். அழுத்தி இழுத்தால் போதும். ரெட்டைப் பதில் நின்றுவிடும். குங்குமத்தைத் துடைத்துவிட்டால் ஒரு தடயமும் இருக்காது. 'பெட்டி எதுவும் கிடைக்கவில்லை, தானாகவே நின்றுவிட்டது' என்று எழுதலாம். குற்றவாளி ஏற்கெனவே கிடைத்தாயிற்று. என் வேலையும் பெயரும் தப்பிக்கும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. என்னைத் தடுத்தது நியாயமோ தர்மமோ இல்லை. 'அப்பம் நான் என்னத்தக் காட்டுனா நம்புவீய' என்ற அந்தக் குரல்தான். விரலை எடுத்துவிட்டு சாருக்கு ஃபோன் செய்தேன்.

அவர் வந்தார். சர்வரையும் குங்குமத்தையும் என் முகத்தையும் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவர் கேட்டதுதான் எனக்குத் தோன்றாத கேள்வி. "கம்பியைப் பிடுங்கலையே? நல்லது. அப்போ வந்ததெல்லாம் உள்ளே இருக்கணுமே."

திரையை மாட்டித் திறந்தோம். இருந்தது. பூஜைக்குப் பிறகு வழி தவறி வந்த ஒவ்வொரு போல்ட்டின் பதிவும், நிமிடம் நொடியோடு, ஒன்றுவிடாமல் வரிசையாக இருந்தது. தானே உண்மையான பத்தாம் எண் என்று நம்பிக்கொண்டு, வந்ததையெல்லாம் வாங்கி வைத்து, ஒவ்வொன்றுக்கும் 'சரி' என்று சொல்லியிருக்கிறது. யாரும் அதைப் பார்க்காத இருட்டு அறையில், ஒரு பிழை இல்லாமல். எனக்கு அந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டேன். சார் அதைப் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்.

இரண்டு சர்வரின் பதிவுகளையும் சேர்த்து மதியத்துக்குள் தரப் பிரிவு சரக்கைச் சரிபார்த்து விட்டது. ஒரு போல்ட்கூடத் தவறில்லை. இசக்கிமுத்து பார்த்துக்கொண்ட கருவிகள் அப்படி. லாரிகள் கிளம்பின.

ஸ்விட்சுகளுக்கே காவல் வேலை கொடுத்தது அதற்கு அப்புறம். இன்ன முகவரிக்கு இன்ன பிறவி எண் என்று ஒரு பட்டியல் ஸ்விட்சிடம் இருக்கும். ஏ.ஆர்.பி. பதில் எது வந்தாலும் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, ஒவ்வாததை அங்கேயே தள்ளிவிடும். பொய் சொல்பவன் எவ்வளவு கத்தினாலும் அடுத்த இயந்திரத்தின் காதில் விழாது. தானாக முகவரி வாங்கிக்கொள்ளும் கணினிகளை, முகவரி கொடுக்கப்படும்போதே அது குறித்துக்கொள்ளும். நிலையான முகவரி உள்ள இயந்திரங்களை நாம்தான் எழுதித் தர வேண்டும். அந்தப் பட்டியல் தப்பானால் காவல்காரனே உரியவனை வெளியே தள்ளுவான் என்பதால்தான் சார் இரண்டு பேர், நடை, கையெழுத்து என்ற விதியைப் போட்டார். இதெல்லாம் அடுத்தடுத்த மாதங்களில் நடந்தது. இசக்கிமுத்துவின் பெயரை நிரந்தரப் பட்டியலில் திரும்பச் சேர்க்க சார் மூன்று முறை மாடி ஏறினார், சேர்த்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் ஒரு வருட இன்க்ரிமென்ட் வெட்டும். அது குறைவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அன்று மதியம் எனக்கு வேறு வேலை இருந்தது. புது அறிக்கை எழுதி, பார்த்தது என்ற பத்தியில் என் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டு, சுங்குவார்சத்திரத்துக்கு பஸ் ஏறினேன்.

டீக்கடைக்கு மேலே மாடி அறை. இசக்கிமுத்து பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, கம்பி, பொரி, எல்லாம். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் முதலில் கேட்டது, "சரக்கு சரியா இருந்துச்சா மேடம்?"

"ஒண்ணுகூடத் தப்பில்லைங்க."

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு அதைப் பெட்டியில் போட்டார். "நேத்துலேருந்து வீட்டுல ஃபோன் அடிக்கா. எடுக்கல நான். என்ன சொல்லுவேன்? திருட்டுப்பய வேலை பாத்தேன்னு துரத்திட்டாவன்னா?"

நாளைக்கு வந்துவிடுங்கள், பாஸ் தயாராக இருக்கிறது, பிளாண்ட் ஹெட்டே உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார் என்றேன்.

"அவுக ரூமுக்குள்ள வச்சிப் பேசவேண்டாம். நீங்களும் இங்கன வந்து ஏம்ட்ட சொன்னா முடிஞ்சிருமா? பாஸப் புடுங்குனது ரெண்டு மணிக்கு, கேட்ல. அத்தன பேரும் பாத்தாவ. அங்கன வச்சிச் சொல்லுங்க. இல்லன்னா நான் ஊருக்குப் போறேன். வேலை மயிரு போச்சின்னு போறேன்."

அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

மறுநாள் இரண்டு மணி. செக்யூரிட்டி அறைப் படியில் ஏறி நின்றேன். நவநீதகிருஷ்ணன் சார் கீழே, கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஏகாம்பரம் விசில் ஊதிக் கூட்டத்தை நிறுத்தினார். ஐந்நூறு முகங்கள் நிமிர்ந்து பார்த்தன.

"முந்தா நாள் இந்த இடத்துல இசக்கிமுத்துகிட்ட பாஸ் வாங்கினாங்க. நான் எழுதின ரிப்போர்ட்டாலதான். அந்த ரிப்போர்ட் தப்பு. தப்பு பண்ணது நான்."

சொல்லி முடித்துவிட்டேன் என்று படியிலிருந்து காலை எடுத்தேன். கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கேக்கல மேடம். இன்னும் சத்தமாச் சொல்லுங்க."

இசக்கிமுத்து. ரோட்டோரம், கையில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

காலைத் திரும்பப் படியில் வைத்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு முழுவதையும் மறுபடி சொன்னேன். அவர் திருடரில்லை, அவர் கருவிகள் இறுக்கிய ஒரு போல்ட்கூடப் பிசகவில்லை, பூஜையன்று கம்பியைச் சொருகிவிட்டு மறந்தது பரிமளா, அது நான், என்று என் உடம்பில் இருந்த குரல் அத்தனையையும் போட்டுச் சொன்னேன். கடைசி வார்த்தையில் குரல் கிழிந்துவிட்டது.

கூட்டம் விலகியது. அவர் நடந்து வந்தார். ஏகாம்பரத்திடம் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பாஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். என் படிக்கு நேரே வந்ததும் நின்றார்.

"இப்பக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு லைனுக்குப் போனார்.